கண்டி அரண்மனை எப்படி இயங்கியது, கடைசி மன்னர் எப்படி வீழ்ந்தார்?

1803இல் பிரிட்டிஷ் படையை மண்ணைக் கவ்வ வைத்த கண்டி, அதே அரசர் ஆண்டுகொண்டிருக்கும்போதே 1815இல் சொல்லும்படியான ஒரு சண்டைகூட இல்லாமல் விழுந்தது ஏன் என்பது கேள்வி. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் அரண்மனை எப்படி இயங்கியது என்ற கேள்வியும் கூடவே வந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் சரி. ஏனென்றால் கண்டி ராச்சியம் போர்க்களத்தில் தோற்கவில்லை, அரண்மனைக்குள் தோற்றது.

முதலில் அரசருக்கு இருந்த அதிகாரம். நிலம் முழுவதும் அவருடையது. உயிரை எடுக்கவும் விடவும் அவர் ஒருவரால்தான் முடியும். அவர் அனுமதி இல்லாமல் யாரும் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கவோ ஓடு போடவோ கூடாது. தலைநகரில் பல்லக்கில் போகும் உரிமையும் அவருக்கே. சபையில் பிரதானிகள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்து, முழந்தாளிட்டே பேச வேண்டும். திரும்பும்போது முதுகைக் காட்டாமல் பின்னால் நகர்ந்து போக வேண்டும். வெளிநாட்டுத் தூதருக்கும் பெரிய சலுகை கிடையாது. 1762இல் சென்னைக் கோட்டையிலிருந்து தூது போன ஜோன் பைபஸை இரவு நேரத்தில்தான் சபைக்குள் விட்டார்கள். ஆளுநரின் கடிதம் வைத்த வெள்ளித் தட்டை அவர் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். திரை விலகியதும் கூட இருந்தவர்கள் குப்புற விழ, அவர் அந்தத் தட்டோடு மண்டியிட்டார். அரசரைப் பார்ப்பதே கடினம் என்பதை வந்தவரின் கைகால் வலியில் உணர்த்தும் ஏற்பாடு அது.

ஆனால் இந்தத் திரைக்கு அந்தப் பக்கம் யார் நின்றார்கள் என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். அரசரின் குளியலுக்கும் கூந்தல் பராமரிப்புக்கும் தியவடன நிலமே என்றொரு அதிகாரி, உடைக்கு ஹலுவடன நிலமே, உணவுக்கு பத்வடன நிலமே, யானைப் பந்திக்கு கஜநாயக்க நிலமே. பண்டகசாலைகளும் கருவூலமும் தனித்தனி நிலமேக்களின் பொறுப்பில் இருந்தன. இவர்களில் யாரையும் வெறும் வேலைக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. எல்லோரும் உயர்குடிச் சிங்களப் பிரபு குடும்பத்தார். அரசரின் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் உரிமையே ஒரு பதவி. அதற்கு நிலமும் ஆளும் மரியாதையும் உண்டு. அந்தத் தியவடன நிலமே பதவி இன்றைக்கும் இருக்கிறது, புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகையின் நிர்வாகத் தலைவராக.

அரண்மனைக்கு வெளியேயும் இதே குடும்பங்கள்தான். ராச்சியத்தில் 12 திசாவனிகளும் தலைநகரைச் சுற்றி ரட்டங்கள் என்ற 9 சிறு பகுதிகளும் இருந்தன. திசாவனி என்றால் மாகாணம், அதை ஆள்பவர் திசாவ. எல்லோருக்கும் மேலே மகா அதிகார் என்ற தலைமை அமைச்சர், அவருக்கு அடுத்து இரண்டாம் அதிகார். அதிகார் வீதியில் வந்தால் முன்னால் ஆட்கள் சாட்டையைச் சொடுக்கிக்கொண்டே வருவார்கள். நீதி, வரி, ராஜகாரிய ஊழியம், போர்க்காலத்தில் ஆள் திரட்டல் எல்லாமே திசாவ வழியாகத்தான் நடக்கும். மக்கள் நிலத்தை அனுபவித்ததற்கு ஈடாக உடல் உழைப்பு தருவதுதான் ராஜகாரியம். போர் என்றால் கிராமத்தான் தன் 15 நாள் சாப்பாட்டைத் தானே கட்டிக்கொண்டு வந்துவிடுவான், முடிந்ததும் அடுத்த அணி வரும். அரசரிடம் நேரடியாக இருந்தது கொஞ்சம் மலாய், காப்பிரி (ஆப்பிரிக்கர்), தென்னிந்தியக் கூலிப்படை மட்டுமே.

ஆக, அரசர் கட்டளையிடலாம். அது நிறைவேற வேண்டுமென்றால் ஒரு திசாவ எழுந்து போக வேண்டும். இந்த ஆபத்து பழைய அரசர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் கட்டுப்பாட்டு முறைகள் சில வைத்திருந்தார்கள். திசாவ பதவி அரசர் விரும்பும் வரைதான். ஆண்டுதோறும் காணிக்கை கட்டினால்தான் நீடிக்கும். ஒரே ஆள் பெரிய மாகாணங்களை நீண்டகாலம் வைத்திருக்க விடாமல் குடும்பங்களை மோதவிடுவார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமான விதி, திசாவ மாகாணத்துக்குப் போனாலும் மனைவி மக்கள் கண்டி நகரில்தான் இருக்க வேண்டும் என்பது. பிணைக்கைதி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் நடைமுறையில் அதுதான். இந்த விதி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கவனியுங்கள்: அரசர் அந்தக் குடும்பத்தைத் தொடாமல் இருக்கும் வரைதான் அதற்கு மதிப்பு. தொட்டுவிட்டால் திசாவவைப் பிடித்து வைக்க எதுவும் மிச்சமில்லை. 1814இல் நடந்தது அதுதான், பின்னால் வருகிறேன்.

அரசர் எங்கிருந்து வந்தவர் என்பதும் இதில் முக்கியம். கண்டி அரசர்கள் பட்டத்து ராணியை மதுரை நாயக்கர் உறவுகளிலிருந்து எடுப்பது வழக்கமாகிவிட்டது. 1739இல் நரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய வாரிசு இல்லாமல் இறந்ததும் ராணியின் சகோதரர் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் அரியணை ஏறினார். அடுத்து வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், ராஜாதி ராஜசிங்கன், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் எல்லாரும் நாயக்கர்களே. "இலங்கையின் கடைசித் தமிழ் மன்னன்" என்று நம்மவர்கள் பலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. தெலுங்கு மரபு, தமிழும் தெலுங்கும் புழங்கிய வீடு, பௌத்தத்தைக் காக்கும் சிங்கள அரசர் என்ற பதவி, இந்த மூன்றும் சேர்ந்த ஆட்கள் அவர்கள். கீர்த்தி ஸ்ரீ காலத்தில்தான் சியாமிலிருந்து பிக்குகள் வரவழைக்கப்பட்டு 1753இல் உபசம்பதா என்ற உயர்நிலைத் துறவேற்பு மீண்டும் தொடங்கியது. அப்படிப்பட்டவரையே 1760இல் பிரதானிகளும் பிக்குகள் சிலரும் சேர்ந்து கொல்லத் திட்டமிட்டார்கள். பிரபுக்களுக்கு நாயக்கர் அரசர் வசதியானவர், ஏனென்றால் உள்ளூரில் வேரில்லாதவர். அதே காரணத்துக்காகத் தேவைப்படும்போது "அந்நியன்" என்று சொல்லி விலக்கவும் முடியும்.

1798இல் ராஜாதி ராஜசிங்கன் பிள்ளையில்லாமல் இறந்தார். அப்போது மகா அதிகார் பிலிமத்தலாவ. வாரிசுரிமை கோரக்கூடிய மைத்துனர் முத்துசாமி இருந்தார். அவரை ஒதுக்கிவிட்டு, ராணிமாரின் உறவில் கண்ணுசாமி என்ற 18 வயது இளைஞரைப் பிலிமத்தலாவ அரியணையில் ஏற்றினார். எதிர்த்த இரண்டாம் அதிகார் கொல்லப்பட்டார். கணக்கு எளிது: பொம்மை அரசர் கொஞ்ச நாள், பிறகு தானே அரசர். 1799இலேயே அவர் அவிசாவளையில் பிரிட்டிஷ் ஆளுநர் பிரெடெரிக் நோர்த்தைச் சந்தித்து, தான் உட்கார வைத்தவரைத் தள்ளிவிட உதவி கேட்டார். பிரிட்டிஷாரின் ஆசையோ கண்டியையே வாங்கிவிடுவது.

இந்த நேரத்தில் கண்டியின் பொருளாதாரப் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். 1766 ஒப்பந்தத்தில் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) தீவைச் சுற்றிய கடற்கரை முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். 1796இல் அது பிரிட்டிஷார் கைக்கு வந்தது. மலைநாட்டில் நெல் உண்டு, பாக்கு உண்டு, கறுவா உண்டு, ஆனால் உப்பும் கருவாடும் கீழே கரையோரத்திலிருந்துதான் ஏற வேண்டும். உப்பு மூட்டை வரும் அதே கணவாய்களில் வியாபாரியும் பிக்குவும் வருவார்கள், அவர்களோடு செய்தியும் வரும். பின்னாளில் பிரிட்டிஷாரின் உளவு வலை ஓடியது இந்தப் பாதைகளில்தான்.

1802இல் புத்தளம் பக்கத்து வியாபாரிகளின் பாக்கைக் கண்டி ஆட்கள் பறித்துக்கொண்ட தகராறைச் சாக்காக வைத்து 1803 தொடக்கத்தில் நோர்த் படையெடுத்தார். கொழும்பிலிருந்து ஒரு படை, திருகோணமலையிலிருந்து ஒரு படை. பிப்ரவரியில் கண்டிக்குள் நுழைந்தபோது ஊர் காலி. அரண்மனையில் தீ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். முத்துசாமிக்கு முடி சூட்டினார்கள், ஆனால் அவரை வந்து வணங்க ஒரு பிரதானியும் இல்லை. மழை பிடித்தது, காய்ச்சல் பிடித்தது, மலைப் பாதையில் அரிசி வரவில்லை. ஜூன் 24 அன்று கண்டிப் படை வளைத்துக்கொள்ள மேஜர் டேவி சரணடைந்தார். வட்டபுலுவவில் மகாவலி வெள்ளம் தாண்டவிடவில்லை. முத்துசாமியை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைத்தார், அவர் கொல்லப்பட்டார். பிறகு படையினரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். டேவி பல ஆண்டுகள் கண்டியில் கைதியாகவே இருந்து இறந்தார்.

இந்த வெற்றி அரசருடையதா, திசாவகளுடையதா? என் பார்வையில் திசாவகளுடையது. ஊரைக் காலி செய்ததும், நெல்லை மறைத்ததும், சுமை தூக்கும் ஆட்களை எதிரிக்குக் கிடைக்காமல் செய்ததும், கணவாய்களில் 15 நாள் முறைப்படி ஆள் மாற்றியதும் மாகாணத் தலைவர்கள் ஒன்றாக நின்றதால்தான் முடிந்தது. ஆனால் ராஜசிங்கன் அந்த வெற்றியிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு. 23 வயதில் ஐரோப்பியப் படை ஒன்றை அழித்த அரசருக்கு இனி மகா அதிகாரின் தயவு தேவையில்லை என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை.

அடுத்த பத்தாண்டுகளில் அவர் கண்டி நகரத்தையே மாற்றினார். தேவேந்திர மூலாச்சாரி என்ற தலைமைச் சிற்பியின் கையில் உருவான பத்திரிப்புவ என்ற எண்கோண மண்டபம், அரண்மனை முன்னால் வயலாகக் கிடந்த இடத்தைத் தோண்டி அமைத்த ஏரி, அதன் கரையோர மதில் எல்லாம் இந்தக் காலத்தவை. இன்று கண்டி என்றதும் கண்ணில் வரும் காட்சி இவர் உருவாக்கியதே. அதற்கு அவருக்கு உரிய பெருமையைக் கொடுக்க வேண்டும். ஆனால் வேலை நடந்தது ராஜகாரிய உழைப்பில். வழக்கமான ஊழியம் என்றால் பாதை செப்பனிடுவது, குளக்கரை கட்டுவது, அரண்மனைக்கு நெல் சுமப்பது என்று அளவுக்கு உட்பட்டது. ஏரிக்கு மண் தோண்ட ஆண்டுக்கணக்கில் ஆட்களை இழுத்தால் வயல் வேலை கெடும். ஆட்களை அனுப்ப வேண்டிய கிராமத் தலைவனும் அவனுக்கு மேலே இருக்கிற திசாவவும் அந்த முணுமுணுப்பை முதலில் கேட்பவர்கள். கேட்டதை அவர்கள் அடக்கவில்லை.

பிலிமத்தலாவ அரசரைக் கொல்லச் செய்த சதி வெளிப்பட்டு 1811இல் அவருக்கு மரண தண்டனை கொடுக்கப்பட்டது. இதுவரை யாரும் அரசரைப் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. அவர் மன்னித்தும் பார்த்தவர். எஹெலப்பொல மகா அதிகார் ஆனார். சிக்கல் அதற்குப் பிறகுதான். அரசருக்கு யாரையும் நம்ப முடியவில்லை. ஏழு கோறளை என்ற மாகாணத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு திசாவகளிடம் கொடுத்தார். அங்கே குழப்பம் வந்ததும் கடுமையாகத் தண்டித்தார், வெளியூர்க்காரர்களை அந்த மாகாணத்தைவிட்டுப் போகச் சொன்னார். சம்பந்தம் செய்து பல தலைமுறை கலந்து வாழ்ந்த குடும்பங்கள் பிரிந்தன. ஆலோசனைக்கு நாயக்க உறவினரையே அருகில் வைத்துக்கொண்டார். அவர்கள் வாழ்ந்த தெருவுக்கே தனிப்பெயர் இருந்தது, குமாருப்பே வீதி. பதவி கிடைக்காத ஒவ்வொரு பிரபுவும் அந்தத் தெருவைக் காட்டிப் பேசத் தொடங்கினான்.

இதே காலத்தில் கொழும்பில் ஜோன் டொயிலி என்ற அதிகாரி உட்கார்ந்திருந்தார். மாத்தறையில் ஒரு பிக்குவிடம் சிங்களம் கற்றவர், அரசாங்கத்தின் தலைமை மொழிபெயர்ப்பாளர். எல்லை தாண்டி வரும் வியாபாரி, பிக்கு, ஓடிவந்த சிப்பாய் எல்லாரிடமும் பேசி, எந்தத் திசாவ யாரோடு பகை, எந்தப் பாதையில் எத்தனை காவல், எந்த ஆறு எந்த மாதம் இறங்கும் என்று நாட்குறிப்பில் எழுதிக்கொண்டே வந்தார். 1803இல் நோர்த்துக்கு இல்லாமல் போனது இந்தத் தகவல்தான். ஆளுநர் ரொபர்ட் பிரௌன்ரிக் வந்தபோது அது தயாராக இருந்தது.

சப்ரகமுவ திசாவவாகவும் இருந்த எஹெலப்பொல மேல் புகார்கள் வந்தன. அரசரின் திருமணத்துக்கு அவர் அனுப்பிய பரிசுகள் போதவில்லை என்ற கோபமும் சேர்ந்தது. கண்டிக்கு வரச் சொன்னார் அரசர். வந்தால் தலை போகும் என்று எஹெலப்பொல வரவில்லை. பதவி பறிக்கப்பட்டது, கண்டியிலிருந்த மனைவி மக்கள் சிறைவைக்கப்பட்டார்கள், மொல்லிகொட என்ற பிரதானி புதிய அதிகாராகிப் படையோடு சப்ரகமுவவுக்கு அனுப்பப்பட்டார். எஹெலப்பொல கொழும்புக்குத் தப்பி ஓடினார். 1814 மே மாதம் அந்தக் குடும்பத்துக்குத் தண்டனை நிறைவேறியது. சிறுவர்களைத் தலைவெட்டிக் கொன்றார்கள், தாயைப் போகம்பரைக் குளத்தில் மூழ்கடித்தார்கள். மூத்த பையன் பயந்து தாயைப் பிடித்துக்கொள்ள, இளையவன் மத்தும பண்டார தானே முன்னே போய் எப்படிச் சாவது என்று அண்ணனுக்குக் காட்டினான் என்பதைச் சிங்கள மக்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். சில ஆண்டுகள் கழித்துக் கண்டிக்கு வந்த பிரிட்டிஷ் மருத்துவர் ஜோன் டேவி (1803இல் சரணடைந்த மேஜர் டேவி வேறு ஆள்), இரண்டு நாள் ஊரில் எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை என்று பதிவு செய்திருக்கிறார். கண்டி வழக்கத்தில் பெண்களைக் கொல்வதே இல்லை. அதே காலத்தில் ஒரு பௌத்த பிக்குவுக்கும் மரண தண்டனை கொடுக்கப்பட்டது.

இந்தக் கொடுமைகளை வெள்ளைக்காரன் ஊதிப் பெருக்கினான் என்று சொல்பவர்கள் உண்டு. பயன்படுத்திக்கொண்டான் என்பது உண்மை. ஆனால் நடக்கவே இல்லை என்று சொல்வது அந்தக் குழந்தைகளுக்குச் செய்யும் அநியாயம். அரசியல் கணக்காகப் பார்த்தாலும் அது பெரும் பிழை. மற்றத் திசாவகளின் குடும்பங்களும் அதே நகரத்தில்தான் இருந்தன. அன்றிலிருந்து ஒவ்வொருவருக்கும் இருந்த ஒரே கவலை, தன் வீட்டாரை எப்படி வெளியே கொண்டு வருவது என்பதாகிவிட்டது. சப்ரகமுவவில் அரசருக்காகப் போரிட்ட மொல்லிகொடவே டொயிலியோடு இரகசியமாகப் பேச ஆரம்பித்தார். அவர் தாமதித்ததற்குக் காரணம் விசுவாசம் இல்லை. குடும்பம் கண்டியில் இருந்தது.

1814 இறுதியில் பிரிட்டிஷ் பகுதியிலிருந்து போன வியாபாரிகள் பத்துப் பேரை உளவாளிகள் என்று சொல்லி அங்கவீனப்படுத்தினார்கள். பெரும்பாலோர் இறந்தார்கள், மூவர் மட்டும் வெட்டுப்பட்ட உறுப்புகளைக் கழுத்தில் தொங்கவிட்டபடி கொழும்பு வந்து சேர்ந்தார்கள். பிரௌன்ரிக்குக்கு வேண்டியது கிடைத்தது. 1815 ஜனவரி 10 அன்று போர்ப் பிரகடனம். இந்த முறை பல திசைகளிலிருந்து எட்டுப் பிரிவுகள், வறண்ட மாதங்களில், வழிகாட்ட எஹெலப்பொலவின் ஆட்களோடு ஏறின. குடும்பம் பாதுகாப்பாக வந்ததும் மொல்லிகொட, நான்கு கோறளை என்ற தன் மாகாணத்தோடு பிரிட்டிஷ் பக்கம் போய்விட்டார். கொழும்புப் பாதையின் வாசல் அதுதான். 1803இல் ஊரைக் காலி செய்து எதிரியைப் பட்டினி போட்ட அதே இயந்திரம், 1815இல் எதிரிக்குச் சுமை தூக்கி அரிசி கொடுத்தது.

பிப்ரவரி 14 அன்று கண்டி பிடிபட்டது. அரசர் தும்பறைப் பக்கம் மெதமகாநுவரவுக்குப் போய் ஒரு வீட்டில் ராணிகளோடும் ஒரு சில காவலர்களோடும் ஒளிந்திருந்தார். 18ஆம் தேதி எக்னெலிகொட என்ற பிரதானியின் ஆட்கள் வீட்டைச் சுற்றிவளைத்தார்கள். வாசலில் எதிர்த்து நின்றது தென்னிந்தியக் காவலர்கள் மட்டும். அரசரைக் கொடியால் கட்டி அவமானப்படுத்தி இழுத்து வந்தார்கள். செய்தி கேட்டு டொயிலி பல்லக்கு அனுப்பி, கட்டை அவிழ்க்கச் செய்தார். போர்ப் பிரகடனத்திலிருந்து கைது வரை சுமார் 40 நாள்.

கொழும்புக்குக் கொண்டுபோகப்பட்ட பிறகு, பொறுப்பிலிருந்த மேஜர் ஹூக்கிடம் அவர் சொன்னதாக ஒரு பேச்சு பதிவாகியிருக்கிறது. உங்கள் ஆளுநர்களுக்குக் கோபத்தில் எதையும் செய்ய விடாத ஆலோசகர்கள் இருக்கிறார்கள், எங்களுக்கோ கோபம் தணிவதற்குள் குற்றவாளி செத்துப்போயிருப்பான் என்ற பொருளில். எனக்கு இது ஆழமான வாக்குமூலமாகத் தெரிகிறது. அவரைச் சுற்றி ஆட்கள் நிறைய இருந்தார்கள். தடுத்துச் சொல்ல வேண்டியவர்களுக்கு அவர் கெடுவதில் இலாபம் இருந்தது, தடுக்க விரும்பியிருக்கக்கூடிய உறவினருக்கு வெளியே செல்வாக்கு இல்லை.

மார்ச் 2 அன்று மகுல் மடுவ சபாமண்டபத்தில் 12 பிரிவுகள் கொண்ட ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. அரசர் நீக்கப்படுகிறார், அவரது உறவினர் எவரும் ராச்சியத்துக்குள் வரக் கூடாது, ஆட்சி பிரிட்டிஷ் முடிக்கு, பிரதானிகளின் உரிமைகள் காக்கப்படும், பௌத்த மதம் பாதுகாக்கப்படும், உறுப்பு வெட்டும் தண்டனை ஒழிக்கப்படும். கையெழுத்திட்ட பிரதானிகள் சிலரின் ஒப்பங்களில் தமிழ் எழுத்து இருக்கிறது. கண்டிச் சபையில் தமிழ் புழங்கியதற்கு அது சான்று. "தமிழனைத் தள்ளிய சிங்களவர்" என்று இதைச் சுருக்குவது எவ்வளவு தவறு என்பதற்கும் அதுவே சான்று.

பிரதானிகள் நினைத்தது, தொலைவில் ஒரு அரசர், அருகில் நாம் என்று. அது மூன்று ஆண்டுதான் நீடித்தது. 1817இல் ஊவாவில் கிளர்ச்சி வெடித்தது. அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவ கிளர்ச்சியாளர் பக்கம் சேர்ந்தார். 1818 நவம்பர் 26 அன்று தலைவெட்டப்பட்டார். அதற்கு ஐந்து நாள் முன்பு வந்த பிரகடனம் திசாவகளை பிரிட்டிஷ் அதிகாரிகளுக்குக் கீழே கொண்டுவந்து, நீதி வழங்கும் அதிகாரத்தையும் பெருமளவு பறித்தது. மூன்று ஆண்டுக்கு முன் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் பிரதானிகளின் உரிமைகளைக் காத்த நான்காம் பிரிவு செத்துப்போனது.

ராஜசிங்கனை 1816 ஜனவரி 24 அன்று கோர்ன்வாலிஸ் கப்பலில் சென்னைக்கு ஏற்றினார்கள், அங்கிருந்து வேலூர்க் கோட்டை. குடும்பம் இருந்த கட்டடம் கண்டி மஹால் என்ற பெயரில் கோட்டைக்குள் நிற்கிறது. 1832 ஜனவரி 30 அன்று இறந்தார். பாலாற்றங்கரையில் அவர் சமாதி மேல் 1990இல் தமிழ்நாடு அரசு முத்து மண்டபம் கட்டியது. 1693இல் ஒல்லாந்தர் கண்டி அரசருக்குக் கொடுத்த சிம்மாசனம் இங்கிலாந்துக்குப் போய் 1934இல் திரும்பி வந்தது, கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அரியணை தனக்குக் கிடைக்கும் என்று காத்திருந்த எஹெலப்பொலவை 1818இலேயே சந்தேகத்தில் பிடித்து, 1825இல் மொரீஷியஸுக்கு அனுப்பினார்கள். அங்கேயே 1829இல் இறந்தார்.